கேசவ் சிங்கின் மிச்சத் தண்டனை

அன்புள்ள ஐயா,

நான் சட்டக் கல்லூரியில் நான்காம் ஆண்டு படிக்கிறேன். 1964-ல் உத்தரப் பிரதேசச் சட்டப்பேரவைக்கும் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கும் இடையே நடந்த மோதலைப் பற்றிக் கல்லூரிப் பேச்சுப் போட்டியில் பேச இருக்கிறேன். பேரவை சிறைக்கு அனுப்பிய ஒருவருக்குப் பிணை கொடுத்தார்கள் என்பதற்காக இரண்டு நீதிபதிகளையே காவலில் எடுத்து அவைக்குக் கொண்டுவரச் சொன்னார்கள் என்று படித்தபோது வியப்பாக இருந்தது. அதிகாரப் பிரிவினையில் கடைசிச் சொல் யாருடையது? மக்கள் தேர்ந்தெடுத்த அவையை, யாரும் தேர்ந்தெடுக்காத இருவர் எப்படித் தடுக்கலாம்? 28 நீதிபதிகள் ஒன்றாக உட்கார்ந்து தங்கள் சகாக்களைக் காப்பாற்றிக்கொண்டது முறையா? அதிகாரப் பிரிவினைக் கோட்பாட்டை எழுதிய மாண்டெஸ்கியூ இருந்தால் யார் பக்கம் நின்றிருப்பார்? சுருக்கமாகப் பதில் தந்தால் உதவியாக இருக்கும்.

க.

அன்புள்ள க.,

சட்டம் படிக்கும் ஒருவர் இந்த வழக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லச் சொல்வது எனக்கு எரிச்சலூட்டுகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தில் பேரவை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது, 28 நீதிபதிகள் இருக்கிறார்கள், இரண்டரை நூற்றாண்டுக்கும் முன்னால் இறந்துபோன பிரெஞ்சுக்காரர்கூட இருக்கிறார். சிறைக்குப் போனவருக்கு மட்டும் பெயர் இல்லை. அவர் உங்களுக்கு ‘ஒருவர்’. இது உங்கள் குற்றம் மட்டும் இல்லை, உங்களுக்குப் பாடம் எடுத்தவர்களும் அப்படித்தான் எடுத்திருப்பார்கள். ஆனாலும் நாளை கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு ஒரு மனிதனுக்காக எழுந்து நிற்கப்போகிறவர் நீங்கள். அந்த மனிதனின் பெயரைக் கேட்காமலே வாதத்தைத் தொடங்கலாகாது.

அவர் பெயர் கேசவ் சிங். கோரக்பூரைச் சேர்ந்த சோஷலிஸ்ட் தொண்டர். இன்னும் இரண்டு பேரோடு சேர்ந்து, காங்கிரஸ் சட்டமன்ற உறுப்பினர் நரசிங் நாராயண் பாண்டேமீது ஊழல் குற்றம் சாட்டி ஒரு துண்டறிக்கை போட்டார். அது உறுப்பினரின் உரிமையை, அதாவது அவைக்கும் அதன் உறுப்பினர்களுக்கும் மட்டும் உள்ள தனிச் சலுகையை, மீறுவதாகப் பேரவை முடிவுசெய்து, மூவரையும் அவைக்கு அழைத்துக் கண்டிக்கத் தீர்மானித்தது. மற்ற இருவரும் 1964 பிப்ரவரியில் லக்னோவுக்குப் போய்த் தலைகுனிந்து கண்டனத்தை வாங்கிக்கொண்டார்கள். கேசவ் சிங் போகவில்லை. கோரக்பூரிலிருந்து லக்னோ வரை ரயிலில் வரக் கையில் பணம் இல்லை என்று தெரிவித்துவிட்டார். மார்ச் 13-ல் அவரைப் பிடித்து மறுநாள் அவையில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். சபாநாயகர் மதன் மோகன் வர்மா பெயரைக் கேட்டார், மீண்டும் கேட்டார். கேசவ் சிங் சபாநாயகருக்கு முதுகைக் காட்டியபடி நின்றார், வாய் திறக்கவில்லை. அதற்குள் அவர் எழுதியிருந்த கடிதமும் அவையில் படிக்கப்பட்டது. துண்டறிக்கையில் உள்ளது உண்மை, ஊழல் செய்தவரை ஊழல்காரர் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை, எனக்கு விதிக்கப்பட்டது நாதிர்ஷா ஆணை, அதாவது கொடுங்கோலன் ஆணை, என்பது அதன் சாரம். முதலமைச்சர் சுசேதா கிருபளானி எழுந்து, இவருக்கு ஏழு நாள் சிறை என்று தீர்மானம் கொண்டுவந்தார், அது நிறைவேறியது. வெள்ளைக்காரன் சிறையில் இருந்து வந்த அம்மையார் அவர். அந்த அவையில் அப்படிப்பட்டவர்கள் வேறு பலரும் இருந்திருப்பார்கள். நாதிர்ஷா என்ற சொல் அவர்களுக்கு ஏன் அவ்வளவு சுட்டது என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

அடுத்து நடந்தவை உங்களுக்குத் தெரியும் என்பதால் வேகமாகக் கடக்கிறேன். மார்ச் 19-ல் கேசவ் சிங்குக்காக வழக்கறிஞர் சாலமன் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ அமர்வில், சிறை வைத்தது சட்டப்படி சரியா என்று கேட்கும் ஆட்கொணர்வு மனு போட்டார். அரசு வழக்கறிஞர் மதியம் நேரம் கேட்டுவிட்டு, குறித்த நேரத்துக்கு வரவில்லை. நீதிபதிகள் நசிருல்லா பேக்கும் ஜி.டி. சேகலும் பிணை கொடுத்தார்கள். 21-ஆம் தேதி பேரவை, கேசவ் சிங்கைத் திரும்பச் சிறையில் அடைக்கவும், இரு நீதிபதிகளையும் சாலமனையும் காவலில் அவைக்குக் கொண்டுவரவும் தீர்மானித்தது. அதை அந்த நீதிபதிகள் அன்று மாலை வானொலிச் செய்தியில் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். 23-ஆம் தேதி, அந்த இருவரும் தங்கள் உயர் நீதிமன்றத்திலேயே மனுதாரர்களாகப் போனார்கள், 28 நீதிபதிகள் அமர்ந்து தடை கொடுத்தார்கள். காவல் வேண்டாம், நேரில் வந்து விளக்கம் சொன்னால் போதும் என்று பேரவை கொஞ்சம் இறங்கியது. மார்ச் 26-ல் குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார்.

உங்கள் கடிதம் வந்தபோது இதே வழக்கு அச்சான தொகுப்பு என் மேசையில் இருந்தது. நான் இளம் வழக்கறிஞனாகச் சில காலம் ஒரு சிற்றூர் நீதிமன்றத்தில் இருந்தேன். என் சீனியர் காலமானபின் அவருடைய மகள் புத்தகங்களை என்னிடம் ஒப்படைத்தார். தோல் கட்டுப் போட்ட, முதுகு உரிந்த தொகுதி. அவர் எதையும் பென்சிலால்தான் குறிப்பார், மையால் கோடிட்டால் புத்தகத்தை அவமானப்படுத்துவது என்பார். கட்சிக்காரர்களிடம் மட்டும் குரல் தாழ்த்திப் பேசி, எங்களிடம் நாள் முழுக்க எரிந்து விழுகிற மனிதர். புகழ்பெற்ற பத்திகளில் அவருடைய கோடு இருக்கும் என்று நினைத்துப் புரட்டினேன். அவை சுத்தமாக இருந்தன. முழுத் தீர்ப்பிலும் அவர் கோடிட்டிருந்தது ஒரே இடத்தில்: கேசவ் சிங்கிடம் ரயில் கட்டணத்துக்குப் பணம் இல்லை என்ற வரியின் கீழ். ஓரத்தில் ஒரு கேள்விக்குறி. அந்தக் கேள்விக்குறியின் பொருள் என்னவென்று கேட்க ஆள் இல்லை. இவ்வளவு பெரிய சண்டையில் யாராவது அந்தக் கட்டணத்தைக் கொடுத்திருக்கக் கூடாதா என்று அவர் கேட்டதாக நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடைசிச் சொல் யாருடையது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1964 செப்டம்பர் 30-ல் தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையில் எழுவர் அமர்வு கருத்துச் சொன்னது. சென்னையிலிருந்து போன என். ராஜகோபால அய்யங்காரும் அதில் இருந்தார், ஏ.கே. சர்க்கார் மட்டும் மாறுபட்டார். பிணை கொடுத்த நீதிபதிகள் பேரவையை அவமதிக்கவில்லை, அவர்களை அழைத்து விசாரிக்கப் பேரவைக்கு அதிகாரமும் இல்லை என்றது பெரும்பான்மை. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபை, காரணம் சொல்லாமல் சிறைக்கு அனுப்பினால் நீதிமன்றம் உள்ளே எட்டிப்பார்க்காது என்பது பழைய வழக்கம். அந்தச் சபை வரலாற்றில் உயர்ந்த நீதிமன்றமாகவும் இருந்ததால் வந்த சலுகை அது, நம் பேரவைகள் ஒருநாளும் நீதிமன்றமாக இருந்ததில்லை என்று நீதிபதிகள் விளக்கினார்கள். நீதிபதிகளின் நடத்தையைச் சட்டமன்றத்தில் விவாதிக்கக் கூடாது என்கிறது 211-ஆவது உறுப்பு, அவை நடைமுறையின் ஒழுங்கைப் பற்றி நீதிமன்றம் கேள்வி கேட்கக் கூடாது என்கிறது 212. இரண்டையும் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எழுதிவைத்திருக்கிறார்கள். இரண்டையும் படித்த பிறகும் ‘யார் பெரியவர்’ என்று கேட்டால் நான் என்ன செய்வது?

இனி உங்கள் ஆசிரியர் சொல்லாமல் விட்டிருக்கக்கூடியதைச் சொல்கிறேன். உச்ச நீதிமன்றம் சொன்னது குடியரசுத் தலைவருக்குக் கருத்து. கேசவ் சிங்கின் மனு அலகாபாத்திலேயே நிலுவையில் கிடந்தது. 1965-ல் அதே உயர் நீதிமன்றம் அதை விசாரித்து, பேரவைக்குத் தன்னை அவமதித்தவரைச் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் உண்டு, நடந்தது அவமதிப்புதானா என்பதைப் பேரவைதான் முடிவுசெய்ய வேண்டும் என்று சொல்லி மனுவைத் தள்ளுபடி செய்தது. நீதிபதிகள் தப்பினார்கள், பேரவையின் அதிகாரமும் தப்பியது. மிச்சத் தண்டனை கேசவ் சிங் தலையில் விழுந்தது. இரண்டு அமைப்புகளும் கௌரவமாக வெளியேறிய ஒரு மோதலை அரசியலமைப்பின் வெற்றி என்று பாடநூல்கள் எழுதுகின்றன. எனக்கு அந்த வெற்றியில் பெரிய மகிழ்ச்சி இல்லை.

காரணம், பேரவையின் உரிமைகள் எவை என்று எவரும் இன்றுவரை எழுதிவைக்கவில்லை. நீங்கள் போட்டியில் பேச வேண்டியது இதைத்தான், வேறு எதைச் சொன்னாலும் சொல்லாவிட்டாலும். 194-ஆவது உறுப்பின் மூன்றாம் பிரிவு, சட்டமன்றம் தன் உரிமைகளைச் சட்டம் போட்டு வரையறுக்கலாம், அதுவரை காமன்ஸ் சபைக்கு இருந்த உரிமைகளே பொருந்தும் என்றது. 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் இது எதிர்ப்புக்கு உள்ளானபோது நம் சென்னையின் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர்தான் எழுந்து, இது தற்காலிக ஏற்பாடு, நாடாளுமன்றம் தன் உரிமைகளைத் தானே வகுத்துக்கொள்ள எந்தத் தடையும் இல்லை என்று சமாதானம் சொன்னார். ‘அதுவரை’ என்ற அந்தத் தவணை எழுபது ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. வட்டிக்கடைக்காரன்கூட இவ்வளவு பொறுக்கமாட்டான். 1978-ல் 44-ஆவது திருத்தத்தில் காமன்ஸ் சபையின் பெயரை எடுத்தார்கள். வெட்கம் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், இந்தத் திருத்தத்துக்கு முன்பு இருந்த உரிமைகளே தொடரும் என்று அதே இடத்தில் எழுதிக்கொண்டார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தக் காமன்ஸ் சபை கடைசியாக ஒருவரைக் காவலில் வைத்தது 1880-ல்.

ஏன் எழுதவில்லை? சோம்பல் என்று சிலர் சொல்வார்கள், நான் நம்பமாட்டேன். சர்ச்லைட் என்ற நாளிதழின் ஆசிரியர்மீது பிகார் சட்டமன்றம் எடுத்த உரிமை மீறல் நடவடிக்கை பற்றிய 1958-ன் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: பேரவை சட்டம் போட்டு உரிமைகளை வகுத்தால், அந்தச் சட்டம் மற்ற எல்லாச் சட்டத்தையும் போல அடிப்படை உரிமைகளுக்குக் கட்டுப்பட வேண்டும். எழுதாமல் விட்டால், பேச்சுரிமைகூட அந்த எழுதாத உரிமைக்கு வழிவிட வேண்டும். இப்படி ஒரு வாய்ப்பைக் கையில் கொடுத்துவிட்டு, எழுது என்றால் எந்த அவை எழுதும்? எழுதினால் சோதனைக்கு உட்பட வேண்டும், எழுதாவிட்டால் சிறைக்கு அனுப்பலாம். நம் சட்டமன்றங்கள் வருடத்துக்கு எத்தனையோ மசோதாக்களை ஒரே நாளில் விவாதமே இல்லாமல் நிறைவேற்றத் தெரிந்தவை. இந்த ஒரு மசோதாவுக்கு மட்டும் நேரம் கிடைக்காதது தற்செயல் என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

1987-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் அந்த ஆண்டு தன் உரிமைகளைச் சட்டமாக எழுதியது. அவையைப் பழித்தது அல்லது விமர்சித்தது என்பதற்காக மட்டும் ஒரு சொல்லை அவமதிப்பாகக் கொள்ள முடியாது. சிறைத் தண்டனை ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது. சிறைக்கு அனுப்பினால் என்ன குற்றத்துக்காக என்பதை ஆணையில் விவரமாக எழுத வேண்டும். கேசவ் சிங்குக்கு இருந்திருக்க வேண்டிய மூன்று பாதுகாப்புகள் இவை. அதே 1987-ல் சென்னையில் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. மேடையில் இருக்கும் இருவரில் யார் எம்.எல்.ஏ., யார் மந்திரி என்று ஜேப்படிக்காரனையும் முகமூடிக் கொள்ளைக்காரனையும் வைத்துச் செய்த கிண்டல். பி.எச். பாண்டியன் சபாநாயகராக இருந்த நம் பேரவை, ஆசிரியர் பாலசுப்பிரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்ததால் இரண்டு நாளில் விடுவித்தார்கள். விகடன் ஆசிரியருக்கு நாடு இருந்தது, கோரக்பூர்க்காரருக்குச் சாலமன் ஒருவர்தான் இருந்தார். 2003-ல் இந்து நாளிதழின் ஐவருக்கும் முரசொலி ஆசிரியருக்கும் 15 நாள் சிறை என்று அதே பேரவை தீர்மானித்து, உச்ச நீதிமன்றம் சில நாளில் தடை போட்டது. அன்று கொதித்த கட்சி பிறகு ஆட்சிக்கும் வந்தது, உரிமைகளைச் சட்டமாக எழுதவில்லை. இந்த ஆயுதத்தைக் கீழே வைக்க எந்தக் கட்சிக்கும் மனம் வருவதில்லை.

மக்கள் தேர்ந்தெடுத்த அவை என்று எழுதியிருக்கிறீர்கள். கேசவ் சிங்கும் ஒரு வாக்காளர்தான், தம்பி. தன் ஊர் உறுப்பினரைப் பற்றி ஒரு காகிதத்தில் அச்சடித்துக் கொடுப்பதற்கும் அவருக்கு உரிமை இல்லை என்றால், அவர் போட்ட ஓட்டு எதற்கு? உறுப்பினருக்கு மானம் போயிருந்தால் அவதூறு வழக்குப் போட்டிருக்கலாம். அங்கே துண்டறிக்கை உண்மையா பொய்யா என்று யாராவது விசாரித்திருப்பார்கள். அவையில் அந்தக் கேள்வியே எழவில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் சகாக்களே வாதி, அவர்களே நீதிபதி. இதை நீங்கள் அதிகாரப் பிரிவினை என்ற தலைப்பில் கேட்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

மாண்டெஸ்கியூவை விட்டுவிடுங்கள். நம் அரசியலமைப்பு அதிகாரங்களைக் கறாராகப் பிரிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 1955-லேயே ராம் ஜவாயா கபூர் வழக்கில் சொல்லியாகிவிட்டது. 28 நீதிபதிகள் விஷயம் உறுத்தக்கூடியதுதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். தன் சகாவின் வழக்கைத் தானே கேட்பது எவருக்கும் அழகில்லை. ஆனால் அந்த இருவரும் வேறு எங்கே போயிருக்க முடியும் என்று போட்டியில் உங்கள் எதிரணி கேட்டால், அடிப்படை உரிமைக்காக நேரே உச்ச நீதிமன்றத்தை அணுக வழிசெய்யும் 32-ஆவது உறுப்பின் கீழ் அங்கே போயிருக்கலாம் என்று சொல்லுங்கள். அவர்கள் விடமாட்டார்கள், அன்றிரவே காவலர் வந்திருந்தால் என்ன செய்வது என்பார்கள். அதற்கு என்ன பதில் என்பதை நீங்களே யோசித்து எழுதுங்கள், வாசிக்கிறேன்.