பட்டா அண்ணன் பேருக்குப் போனால் பங்கும் போய்விடுமா?

கேள்வி: அப்பா கிரயம் வாங்கிய 2 ஏக்கர் புன்செய் இருக்கிறது. உயில் எழுதாமல் 2015-ல் காலமானார். வாரிசுகள் அம்மா, அண்ணன், நான். "கல்யாணத்துக்கு நகை வாங்கிக்கொண்டாள்" என்று ஊர்ப் பஞ்சாயத்தில் முச்சலிக்கை (ஒப்பந்தத் தாள்) எழுதி, அண்ணன் பட்டாவைத் தன் பேருக்கு மாற்றிவிட்டார். நான் அதில் கையெழுத்துப் போடவில்லை. தாசில்தார் என் ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டார். ஆர்.டி.ஓ.விடம் அப்பீல் போனால் நிலம் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. ஜெயித்தாலும் பட்டாவில் உங்கள் பெயர் ஏறும், அவ்வளவுதான். பட்டா வருவாய்த்துறைக் கணக்கு. நிலம் யாருக்குச் சொந்தம் என்பதை சிவில் கோர்ட்தான் சொல்லும். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்கள் மூவருக்கும் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. எத்தனை பவுன் போட்டார்கள் என்பதற்கு இதில் இடமே இல்லை.

ஆனாலும் அப்பீலை விட்டுவிடாதீர்கள், 30 நாள் தாண்டவும் விடாதீர்கள். ஆணை வந்த தபால் உறையைப் பத்திரப்படுத்துங்கள். அது என்றைக்குக் கைக்கு வந்தது என்பதற்கு உறையில் உள்ள முத்திரைதான் சாட்சி. ஆணை நகல், அப்பாவின் கிரயப் பத்திரம், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று நான்கையும் இணையுங்கள். மாதக்கணக்கில் வாய்தா போட்டு அலையவிட்டு, கடைசியில் "சிவில் நீதிமன்றத்தை அணுகவும்" என்று ஒற்றை வரி எழுதி அனுப்புவார்கள். இதை முதல் நாளே சொன்னால் என்ன?

அதற்காகக் காத்திராமல் பாகப்பிரிவினை வழக்கைப் போடுங்கள். கூடவே, விற்கக் கூடாதென்று இடைக்காலத் தடை கேளுங்கள். சார்பதிவாளரிடம் ஆட்சேப மனு கொடுத்தாலும், அதை மட்டும் நம்பி இருக்காதீர்கள். வில்லங்கத்தை (நிலத்தின் பேரில் பதிவான பத்திரங்களின் விவரம்) மாதம் ஒருமுறை பதிவுத்துறை இணையதளத்தில் பாருங்கள்; காசில்லை.

முன்சீப் கோர்ட்டில் தோற்றால் 30 நாளுக்குள் சப்-கோர்ட்டில் மேல்முறையீடு. தீர்ப்பு நகல் தயாராக ஆன நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் நகல் மனுவை அந்த 30 நாளுக்குள் போட்டிருக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

முச்சலிக்கை விஷயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. "இன்று முதல் இது இன்னாருக்கு" என்று எழுதியிருந்தால் அந்தத் தாளே பாகப்பத்திரம். பதிவு செய்யாததால் பங்கு பிரிந்ததற்குச் சான்றாகாது. "முன்பே வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம், அதைக் குறித்து வைக்கிறோம்" என்றிருந்தால் பதிவு தேவையில்லை, கோர்ட் ஏற்கலாம். அண்ணன் தரப்பு இரண்டாவதைத்தான் சொல்லும். அதனால் நகல் வாங்கி, வினைச்சொற்கள் "பிரித்துக்கொண்டோம்" என்று இருக்கின்றனவா, "பிரித்துக்கொள்கிறோம்" என்றா என்று வரிவரியாகப் பாருங்கள். எப்படி இருந்தாலும், கையெழுத்துப் போடாத உங்களை அது கட்டுப்படுத்தாது.

தாலுகா ஆபீஸ் வாசலில் "நான் முடித்துத் தருகிறேன்" என்று வரும் புரோக்கர்களிடம் மூலப்பத்திரத்தைக் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். வெற்றுப் பத்திரத்தாளிலோ பவர் பத்திரத்திலோ கையெழுத்துப் போடவே வேண்டாம். நீட்டும் காகிதத்தில் "விடுதலை" என்ற சொல் இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு வக்கீலிடம் காட்டுங்கள். உங்கள் பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கும் பத்திரம் அது.