பாதிக்குப் பாதி கூட்டு, எஞ்சின் மட்டும் மூன்றாமவரது

கேள்வி: பாகிஸ்தானும் சீனாவும் சேர்ந்து செய்த ஜேஎஃப்-17 இலகு ரகப் போர்விமானம் நிஜமாகவே கூட்டுத் தயாரிப்பா? இல்லை, சீன விமானத்துக்குப் பாகிஸ்தான் பெயின்ட்டா?

பதில்: வெறும் பெயின்ட் என்று சொன்னால் பாவம். 1999இல் போட்ட ஒப்பந்தப்படி உருவாக்கும் செலவு ஆளுக்குப் பாதி. வடிவமைப்பு பெரும்பாலும் சீனாவின் செங்டு நகரில் நடந்தது. 2003இல் முதலில் பறந்ததும் அங்கேதான். ஆனால் விமானத்தின் உடற்கூட்டில் 58 சதவீதம் பாகிஸ்தானின் காம்ராவில் தயாராகிறது. இதற்கெல்லாம் முன்னால் அமெரிக்காவின் கிரம்மன் நிறுவனமும் கூட்டில் இருந்தது. பெய்ஜிங்கில் நடந்த 1989 தியானன்மென் படுகொலைக்குப் பிறகு சீனா மீது வந்த தடைகளால் அது கழன்றுகொண்டது.

என் கண் போவது வேறு இடத்துக்கு. விமானப்படையில் எஞ்சின் ஃபிட்டராக இருந்தவன் நான். மிக்-29 போர்விமானத்தின் ஆர்டி-33 எஞ்சினோடு வருஷக்கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறேன். அதன் கியர்பாக்ஸ் முதுகில் உட்கார்ந்திருக்கும். ஜேஎஃப்-17இல் இருப்பது அதன் தம்பி, ஆர்டி-93. முதல்முறை படம் பார்த்தபோது பழக்கதோஷத்தில் மேலேயே தேடினேன், காணோம். வயிற்றுப் பக்கம் இறக்கிவிட்டிருக்கிறார்கள்! பெரிய வித்தியாசமே அதுதான். மற்றபடி அதே ரஷ்யக் குடும்பம், அதே கரும்புகை.

அந்த எஞ்சினைச் சீனா வாங்கிப் பாகிஸ்தானுக்குக் கைமாற்ற மாஸ்கோவின் சம்மதம் வேண்டியிருந்தது. பணம் போட்டவர்கள் இருவர், சாவி மூன்றாமவரிடம். ஆபத்தில் விமானியை வெளியே எறியும் இருக்கைகூட பிரிட்டனின் மார்ட்டின்-பேக்கர்.

கேள்வி: சீன விமானப்படையே அதை வாங்கவில்லையாமே?

பதில்: வாங்கவில்லை. அதே செங்டுவில் செய்த ஜே-10 அவர்களிடம் இருக்கிறது. மியான்மரும் நைஜீரியாவும் வாங்கியிருக்கின்றன.

கேள்வி: நம் தேஜஸுக்கு இந்தத் தலைவலி இல்லைதானே?

பதில்: இருக்கிறது, ஐயா. கூட்டாளி இல்லாமல் நாமே வடிவமைத்தோம், சரி. 2001 ஜனவரியில் முதல்முறை பறந்தபோதே உள்ளே இருந்தது அமெரிக்காவின் ஜிஇ எஃப்404 எஞ்சின். நம் காவேரி எஞ்சினுக்குத் தேஜஸில் ஏறும் யோகம் வாய்க்கவில்லை. தேஜஸின் மார்க்-1ஏ ரகத்துக்காக 2021இல் அதே ஜிஇயிடம் 99 எஞ்சின்களுக்கு ஆர்டர் கொடுத்தோம். அதில் முதலாவது கைக்கு வந்தது 2025 மார்ச்சில்.