பேட்டரி வாங்கும் முன் சார்ஜரைப் பாருங்கள்

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறோம். 2003-இல் பதிவான பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வைத்திருக்கிறோம். பெரும்பாலும் மின் இணைப்புத் தரும் முகாம்களில்தான் தங்குவோம். வேல்ஸில் ஸ்கந்த வேல் ஆலயத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மட்டும் கடற்கரைப் பக்கம் ஓரிரு இரவு மின் இணைப்பில்லாமல் தங்குவது வழக்கம். அப்போது இரவு ஒன்பது மணிக்கே விளக்குகள் மங்கிவிடுகின்றன. ஹீட்டரின் விசிறியும் நின்றுவிடுகிறது. உள்ளே விளக்கு, விசிறிக்கெல்லாம் மின்சாரம் தரும் லெஷர் பேட்டரியில் 110 ஆம்பியர்-மணி என்று அச்சிட்டிருக்கிறது. வாங்கி மூன்று வருடம்தான் ஆகிறது. கடைக்காரர் அடைத்து மூடிய ஏஜிஎம் வகை ஈய பேட்டரியை வாங்கச் சொல்கிறார். மைத்துனரோ லித்தியம் போடு, ரைஸ் குக்கர்கூட ஓட்டலாம் என்கிறார். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். மூன்றே வருடத்தில் பேட்டரி செத்திருக்கிறது என்றால், அதைக் கொன்றது எது என்று தெரியாமல் புதிதாக ஒன்றை அதே இடத்தில் வைப்பது வீண் செலவு. எனக்கு அந்த அனுபவம் உண்டு. இரண்டு வருடத்தில் இரண்டு பேட்டரி வாங்கிய பிறகுதான், பச்சை பூத்துப்போன ஒரு ஃபியூஸ் பிடிப்பான் என் கண்ணில் பட்டது. அதன் விலை மூன்று பவுண்டு.

ஒரு மல்டிமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்து, இணைப்புகளைக் கழற்றி, ஓர் இரவு சும்மா விடுங்கள். காலையில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது, 12.0 என்றால் ஏறக்குறைய கால்வாசி. முழுதாகச் சார்ஜ் ஆன பேட்டரி ஒரே இரவில் 12.4-க்குக் கீழே இறங்கினால் அதற்கு ஆயுள் முடிந்துவிட்டது. வோல்ட் நன்றாக இருந்தாலும் உடனே நம்பிவிட வேண்டாம். ஐந்து ஆம்பியர் இழுக்கும் விளக்குகளை எரியவிட்டு மணி பாருங்கள். ஆம்பியரை மணியால் பெருக்கினால் வருவதுதான் ஆம்பியர்-மணி. நல்ல நிலையில் உள்ள 100 ஆம்பியர்-மணி பேட்டரி பத்து மணி நேரம் தாக்குப்பிடித்த பிறகும் பாதிக்கு அருகில் இருக்கும். மூன்று மணி நேரத்தில் விளக்கு மங்கினால் விடை தெரிந்துவிட்டது.

அடுத்தது சார்ஜர். உங்கள் கேள்வியின் உயிர்நாடி இதுதான். வண்டியை வீட்டு மின்சாரத்தில் இணைத்து, பேட்டரி முனைகளில் மீட்டரை வையுங்கள். சில மணி நேரம் கழித்தும் 13.8 வோல்ட்டிலேயே நின்றால், உங்கள் வண்டியில் இருப்பது பழைய ஒற்றைநிலைச் சார்ஜர். அந்தக் காலப் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் இதுதான் இருந்தது. மாதக்கணக்கில் இணைத்தே விட்டாலும் பேட்டரியைக் கொதிக்க வைக்காது என்பது இதன் நல்ல குணம். ஆனால் ஈய-அமில பேட்டரி சரியாக நிறைய வேண்டுமானால் சில மணி நேரமாவது 14.4 வோல்ட் வாக்கில் கிடைக்க வேண்டும். 13.8-இல் அது நிறைவதற்கு நாட்கள் ஆகும். சனி ஞாயிறு மட்டும் இணைத்து எடுத்தால் ஒவ்வொரு முறையும் குறையாகவே நிற்கும். அந்தக் குறையில் ஈயத் தகடுகளின் மேல் சல்பேட் இறுகிப்போய், 110 என்று பிறந்தது மெல்ல மெல்ல 40 ஆகிவிடும். ஊரில் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியை வளர்த்தவர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல.

எஞ்சினை ஓடவிட்டும் ஒரு முறை அளந்து பாருங்கள். லெஷர் பேட்டரியில் 14-க்கு மேல் வர வேண்டும். 13.3 மட்டுமே வந்தால் நடுவில் உள்ள ரிலே சுவிட்சோ வயரோ ஃபியூஸோ பாதியைத் தின்கிறது. பழைய வண்டி என்பதால் உங்களுக்கு ஒரு அதிர்ஷ்டம்: யூரோ 6 புகை விதிக் காலத்துப் புதிய வண்டிகளைப் போல வோல்ட்டை இஷ்டத்துக்கு ஏற்றி இறக்கும் ஆல்டர்னேட்டர் (எஞ்சின் சுழற்றும் மின்னாக்கி) உங்களுடையதில் இருக்காது.

இனி தேவைக்கு வருவோம். 2003 வண்டி என்றால் உள்ளே ஹாலஜன் விளக்குகள்தான் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். பத்து வாட் விளக்கு ஆறு; நான்கு மணி நேரம். அதற்கு மட்டும் 20 ஆம்பியர்-மணி. ஹீட்டரின் விசிறிக்கு இரவு முழுக்க 10, தொலைக்காட்சிக்கு 5, தொலைபேசிகளுக்கு 5, கட்டுப்பாட்டுப் பலகையும் அலாரமும் சேர்ந்து 5, தண்ணீர்ப் பம்புக்கு 1. கூட்டினால் 46. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது என்ற விதியை மதித்தால், 100 ஆம்பியர்-மணியில் உங்கள் கைக்கு வருவது 50. ஆக, ஒரே இரவு. அதே விளக்குகளை இரண்டு வாட் எல்இடியாக மாற்றுங்கள். 20 என்பது 4 ஆகும், மொத்தம் 30 ஆகும். சில பவுண்டு விலையுள்ள பல்புகள் உங்களுக்கு இன்னொரு அரை இரவைத் தருகின்றன. இந்த விலைக்கு எந்த பேட்டரியும் இதைத் தராது.

அட்டையில் உள்ள 110-ஐப் பற்றியும் ஒரு வார்த்தை. அருகில் சி20 என்றோ சி100 என்றோ சின்னதாக எழுதியிருக்கும். சி20 என்றால் இருபது மணி நேரத்தில் மெதுவாகக் காலி செய்து அளந்தது. சி100 என்றால் நூறு மணி நேரம், அதாவது ஆமை வேகத்தில். மெதுவாக இழுத்தால் ஈய பேட்டரி கூடுதலாகக் கொடுக்கும் என்பதால் சி100 எண் எப்போதும் பெரிதாக இருக்கும். விற்பவர்களுக்கு அந்த எண்தான் பிடிக்கும். நீங்கள் சி20-ஐ மட்டும் ஒப்பிடுங்கள். எதுவுமே எழுதவில்லை என்றால் எடையைப் பாருங்கள். ஈயத்தை ஏமாற்ற முடியாது. உண்மையான 110 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி 25 கிலோ வாக்கில் இருக்கும். 20 கிலோவுக்கும் கீழே இருந்துகொண்டு 110 என்று சொல்லிக்கொள்வதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். குளிரில் எஞ்சினைக் கிளப்பும் ஆம்பியரை அட்டையில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் சந்தேகப்படுங்கள். அது மெல்லிய தகடுகள் கொண்ட எஞ்சின் பேட்டரி லெஷர் வேடம் கட்டி நிற்பதாக இருக்கலாம்.

பிரிட்டனில் தேசிய கேரவன் கவுன்சில் லெஷர் பேட்டரிகளைச் சோதித்துச் சான்று தருகிறது. அதில் ஏ, பி, சி என்று மூன்று வகை. மின் இணைப்பில்லாமல் அடிக்கடி தங்குபவர்களுக்கு ஏ. முகாம் மின்சாரத்தில் தங்கினாலும் கூடுதல் திறன் வேண்டுபவர்களுக்கு பி. சிறிது நேரம் மட்டும் பேட்டரியை நம்புபவர்களுக்கு சி. இவை தேர்வு மதிப்பெண்கள் அல்ல, பயன்பாட்டுப் பிரிவுகள்.

கடைக்காரர் சொல்லும் ஏஜிஎம் நல்ல பொருள்தான். அமிலம் சிந்தாது, பக்கவாட்டில் சாய்ந்தாலும் ஒழுகாது, கூடுதல் முறை காலியாகி நிறையும். ஆனால் பல ஏஜிஎம்கள் 14.4 முதல் 14.7 வோல்ட் வரை கேட்கின்றன. 13.8 சார்ஜரின் கையில் கொடுத்தால் இரட்டை விலை கொடுத்து வாங்கிய பொருளும் பழையதன் வழியில்தான் போகும்.

மைத்துனர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 100 ஆம்பியர்-மணி என்றால் ஏறக்குறைய அத்தனையும் பயன்படும்; எடை ஈயத்தில் பாதிதான்; ஆயிரக்கணக்கான முறை காலியாகி நிறையும் என்று தயாரிப்பாளர்கள் உறுதி தருகிறார்கள். சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது. காலியான லித்தியம், ஆல்டர்னேட்டர் கொடுப்பதையெல்லாம் அப்படியே உறிஞ்சும். உங்கள் வண்டியின் மெல்லிய வயரும் சின்ன ரிலேயும் அதற்குச் செய்யப்பட்டவை அல்ல. நடுவில் மின்னோட்டத்துக்கு வரம்பு கட்டும் டிசி-டிசி சார்ஜர் ஒன்று வேண்டும். அதையும் அதைப் பொருத்தும் கூலியையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள். சுழியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தைச் சார்ஜ் செய்யக் கூடாது. நல்ல பேட்டரிகளில் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று அப்போது தானே துண்டித்துவிடும், சிலவற்றில் சூடேற்றியும் உண்டு. குளிர்காலத்தில் வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்கு இதையும் யோசிக்க வேண்டும்.

ரைஸ் குக்கரை விட்டுவிடுங்கள். 700 வாட் குக்கர் இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து 65 ஆம்பியர் இழுக்கும். அரை மணி நேரத்தில் 30-க்கு மேல் போய்விடும். எல்இடி போட்ட வண்டியின் ஒரு நாள் மின்சாரம் முழுவதும் ஒரு வேளைச் சோற்றுக்கு! லித்தியம் அதைத் தாங்கும். ஈய பேட்டரியோ பாதியிலேயே மூச்சு வாங்கும். கேஸ் அடுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது இது எதற்கு?

உங்கள் இடத்தில் நான் இருந்தால், சான்று பெற்ற, சி20 கணக்கில் 100 ஆம்பியர்-மணி கொண்ட சாதாரண ஈய-அமில பேட்டரி ஒன்றை வாங்குவேன். மிச்சமாகும் பணத்தில் சார்ஜரை, 14.4 வரை ஏற்றிப் பிறகு தானே இறக்கிக்கொள்ளும் பல நிலைச் சார்ஜராக மாற்றுவேன், பல்புகளை மாற்றுவேன். அதற்குப் பிறகும் கையில் காசு இருந்தால் கூரையில் 100 வாட் சூரியத் தகடு. கோடையில் நல்ல நாளில் அது 25 ஆம்பியர்-மணியாவது தரும், டிசம்பரில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். பேட்டரி இருக்கைக்கு அடியில் இருந்தால் உயரத்தை அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். 190 மில்லிமீட்டர் உயரமுள்ள குட்டை வகையும் 240 வரை போகும் நெட்டை வகையும் உண்டு. அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும், அதனால் அதன் சிறு குழாய் வண்டிக்கு வெளியே போகிறதா என்று பாருங்கள். குழாய் விட வழியே இல்லாத இடம் என்றால் மட்டும் கடைக்காரர் சொல்லும் ஏஜிஎம். அப்போதும் சார்ஜர் முதலில்.

கேள்வி: லெஸ்டரில் இருந்து எழுதுகிறேன். இணையத்தில் 140 பவுண்டுக்கு வாங்கிய லெஷர் பேட்டரி ஐந்தே மாதத்தில் சார்ஜ் நிற்காமல் போய்விட்டது. விற்றவர், நீங்கள் அளவுக்கு மீறிக் காலி செய்திருப்பீர்கள், தயாரிப்பாளரிடம் கேளுங்கள் என்று கைகழுவுகிறார்.

பதில்: கைகழுவ அவருக்கு உரிமை இல்லை. 2015-இன் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி உங்கள் ஒப்பந்தம் விற்றவரோடுதான். தயாரிப்பாளரின் உத்தரவாதம் அதற்கு மேல் கிடைக்கும் கூடுதல். முதல் 30 நாளுக்குள் என்றால் நேராகத் திருப்பிக் கொடுத்து முழுப் பணம் கேட்டிருக்கலாம். அது கடந்துவிட்டாலும், ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை வாங்கும்போதே இருந்தது என்றே சட்டம் கொள்ளும். அப்படி இல்லை, நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று காட்டும் பொறுப்பு அவருடையது. சரிசெய்யவோ மாற்றித் தரவோ அவருக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் பணம்.

உங்களுக்கு ஒரு மாதம்தான் இருக்கிறது, எனவே இன்றே எழுத்தில் அனுப்புங்கள். தொலைபேசியில் பேசுவது போதாது. பக்கத்துக் கராஜில் பேட்டரியைச் சோதித்து ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் மனச்சாட்சியோடு ஒன்றைச் சொல்லுங்கள்: குளிர்காலம் முழுக்க அலாரத்தை இணைத்தே விட்டு, வசந்தத்தில் போய்த் திறந்து பார்த்தீர்களா? அப்படியென்றால் அவருடைய வாதத்துக்கு வலு உண்டு. கடன் அட்டையில் வாங்கியிருந்தால், விலை 100 பவுண்டுக்கு மேல் என்பதால் 1974-இன் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-ஆம் பிரிவு கைகொடுக்கும். விற்றவரோடு சேர்த்து அட்டை தந்த நிறுவனமும் பொறுப்பாளி.

கேள்வி: பழைய பேட்டரி பாதி உயிரோடு இருக்கிறது. பக்கத்தில் புதிதாக ஒன்றை இணையாக இணைத்தால் போதாதா?

பதில்: போதாது. பழையது புதியதைத் தன் நிலைக்கு இழுத்துக்கொண்டு போகும். இரண்டு வேண்டுமென்றால் ஒரே வகையில், ஒரே திறனில், ஒரே நாளில் வாங்குங்கள். பழையதை நகராட்சி மறுசுழற்சி மையத்தில் ஒப்படைக்கலாம். பழைய இரும்பு வாங்குபவர் ஈயத்தின் எடைக்குச் சில பவுண்டு தருவதும் உண்டு. தூக்கும்போது மட்டும் முதுகைப் பார்த்துக்கொள்ளுங்கள், உயிர் பாதி போனாலும் எடை 25 கிலோதான்.