கேள்வி-பதில்: பூட்டிய ஆலயத்தில் ஓடும் மீட்டர்

எங்கள் ஆலயத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்தி, சுற்றுச்சூழலுக்கு நம்மால் ஆனதைச் செய்வதென்று முடிவெடுத்தோம். கூரை முழுக்க சோலார் என்கிறார் செயலர். முதலில் மின்விசிறிகளை மாற்றுவோம் என்கிறார் பொருளாளர். எதில் தொடங்குவது?
- ஆலயக் குழு உறுப்பினர் ஒருவர்

இரண்டு பேரையும் கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். முதலில் மீட்டரைப் பார்க்க வேண்டும். அதுவும் ஆலயத்தில் யாரும் இல்லாத நேரத்தில்.

வயரிங் வேலையிலேயே காலம் தள்ளியவன் நான். ஒரு சபையார், "கரண்ட் பில் ஏறிக்கொண்டே போகிறது, ஃபேன் எல்லாம் பழசு, வந்து பாருங்கள்" என்று கூப்பிட்டார்கள். ஆராதனை இல்லாத ஒரு சனிக்கிழமை ராத்திரி, சாவி வைத்திருந்த பெரியவரோடு போனேன். உள்ளே கும்மிருட்டு. மீட்டரில் மட்டும் சிவப்பு விளக்கு விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. "எல்லாம் நிறுத்தித்தானே இருக்கு?" என்றார் பெரியவர். பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கினோம். ஞாயிறு பள்ளி அறைக்கு உரியதை இறக்கியதும் மினுக்கல் சட்டென்று மந்தமானது. போய்ப் பார்த்தால், மூலையில் ஒரு வாட்டர் கூலர். யாரும் குடிக்காத தண்ணீரை ஆறு நாளாகக் குளிரவைத்துக்கொண்டிருந்தது. மிச்சத்தை மைக் செட் அலமாரிக்குள் ஆம்ப்ளிஃபயர் இழுத்துக்கொண்டிருந்தது.

கணக்கைப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். வெறும் 100 வாட் ஓயாமல் ஓடினாலே 16.8 யூனிட். 75 வாட் விசிறிகள் 20, ஞாயிறன்று நாலு மணி நேரம் சுழன்றாலும் 6 யூனிட்தான். அவற்றை எடுத்துவிட்டு குறைந்த மின்சாரத்தில் சுழலும் 30 வாட் பிஎல்டிசி ரக விசிறி மாட்டினால் வாரத்துக்கு 3.6 யூனிட் மிச்சமாகும். பொருளாளர் சொல்வது தப்பில்லை, வரிசைதான் தப்பு. தினமும் ஓடுகிற அலுவலக அறை விசிறியை வேண்டுமானால் முதலில் மாற்றுங்கள்.

சோலாருக்கு வருவோம். வெயிலுக்கு ஞாயிறு, திங்கள் தெரியாது. வாரநாளில் வரும் மின்சாரத்தை யார் பயன்படுத்துவது? உபரியை மின்வாரியம் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளுமா என்று கேட்டுவிட்டு அப்புறம் அளவை முடிவு செய்யுங்கள். ஆலயம் பழமையானது, கூரையில் கை வைக்க முடியாது என்றால் பக்கத்துக் கட்டடம் போதும். வத்திக்கானிலேயே 2008-இல் சோலார் தகடுகள் ஏறியது பேதுரு பேராலயத்தின் மேல் அல்ல; பக்கத்தில் இருக்கும் ஆறாம் பவுல் அரங்கத்தின் கூரையில்.

ஆராதனை நேரத்தில் புழுக்கம் தாங்கவில்லை. ஏசி போட்டுவிடலாமா?
- ஒரு வாசகி

அவசரப்படாதீர்கள். உயரமான கூரை உள்ள ஆலயத்தில் ஏசி போட்டால், யாரும் உட்காராத மேல்பாதிக்கும் சேர்த்துத்தான் பில் வரும். அண்ணாந்து பார்த்து, மேலே இருக்கும் வென்டிலேட்டர்கள் திறந்திருக்கின்றனவா என்று கவனியுங்கள். புறாத் தொல்லைக்குப் பயந்து பலகை அடித்து வைத்திருப்பார்கள். பலகையைக் கழற்றிக் கம்பி வலை போட்டால் புறா வெளியே நிற்கும், சூடான காற்றும் வெளியேறும். காங்கிரீட் கூரையாக இருந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். விசிறிகள் உச்சியில் தொங்கினால் தடியை நீளமாக்கி இறக்குங்கள். இவ்வளவும் செய்த பிறகும் புழுங்கினால் எழுதுங்கள், ஏசி பற்றிப் பேசுவோம்.

இதையெல்லாம் போதகர் பிரசங்கத்தில் சொன்னால்தானே ஜனங்கள் கேட்பார்கள்?
- இன்னொரு வாசகர்

சொல்லட்டும், நல்லதுதான். போப் பிரான்சிஸ்கூட 2015-இல் எழுதிய சுற்றுமடலில், தேவையில்லாத விளக்கை அணைப்பதையும் ஒரு கடமையாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அந்தப் பெரியவர் ஒரு பிரசங்கமும் செய்யவில்லை. கதவைப் பூட்டும் இடத்தில் "கூலர், மைக் செட், மோட்டார்" என்று எழுதி ஒட்டினார், அவ்வளவுதான். அடுத்த தடவை நான் போனபோது அந்தக் காகிதத்தில், வேறு யாரோ எழுதியது, "கழிவறை விளக்கு" என்று நாலாவதாக ஒன்றும் சேர்ந்திருந்தது.