நின்றதும் போய்விடும் நெஞ்சடைப்பு

கேள்வி: வயது 54. லண்டனில் கணக்கு வேலை. மது, சிகரெட் கிடையாது, பிறந்ததிலிருந்தே சைவம். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் சாப்பிடுகிறேன். ஞாயிறுதோறும் வெம்பிளி ஈலிங் ரோட்டில் ஒரு குஜராத்தி ஓட்டலில் நண்பர்களோடு அன்லிமிடெட் தாலி. இரண்டு மூன்று மாதமாக, சாப்பிட்டுவிட்டு ஆல்பர்ட்டன் ஸ்டேஷனுக்கு நடக்கும்போது நடு நெஞ்சில் வாயு அடைக்கிறது, தாடை வரை கனக்கிறது. நின்று நாலு ஏப்பம் விட்டால் சரியாகிவிடும். ஈனோ குடிக்கிறேன், ஊரிலிருந்து வந்த பான்டப்ரசோலும் போடுகிறேன். பருப்பில் வெல்லம், பெருங்காயத்தில் கலப்படம், அஜினமோட்டோ, முந்திரி விழுது என்று இணையத்தில் படித்ததெல்லாம் பயமாக இருக்கிறது. தாலி அன்று கிளிக்லசைட் ஒன்று கூடுதலாகப் போட்டுக்கொள்வேன். ஒரு திங்கட்கிழமை சிறுநீர் இளஞ்சிவப்பாகப் போனது. போன வாரம் வெறும் காப்பி குடித்துவிட்டு வேலைக்கு ஓடும்போதும் அந்த வாயு வந்தது. வீட்டில் சொல்லவில்லை. எந்தப் பதார்த்தத்தை நிறுத்த வேண்டும்?

பதில்: பதார்த்தத்தை அப்புறம் பார்ப்போம். இதைப் படித்ததும் உங்கள் குடும்ப மருத்துவரான ஜி.பி.க்கு ஃபோன் செய்து இன்றைக்கே பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். இன்று முடியாது என்றால் மருத்துவ உதவி எண்ணான 111ஐக் கூப்பிடுங்கள். வரவேற்பில் இருப்பவரிடம் வாயு, அசிடிட்டி என்றெல்லாம் ஆரம்பிக்காதீர்கள். ஆரம்பித்தால் அசிடிட்டிக்குக் குடிக்கும் கேவிஸ்கான் இன்னொரு பாட்டிலோடு வீட்டுக்கு வந்துவிடுவீர்கள். "நடந்தால் நெஞ்சை அடைக்கிறது, நின்றால் விடுகிறது, இப்போது முன்பைவிடச் சுலபமாக வருகிறது." இவ்வளவு போதும். மற்றதை அவர்கள் கேட்டுக்கொள்வார்கள்.

வாயுவுக்கு நீங்கள் நடப்பதும் தெரியாது, நிற்பதும் தெரியாது. இரைப்பை அமிலம் மேலே வந்தால் எரியும், புளிக்கும், தொண்டை வரை ஏறும். குனிந்து ஷூ மாட்டும்போதோ சாப்பிட்ட கையோடு படுக்கும்போதோ அதிகமாகும். ஸ்டேஷன் படியில் பாதியில் நின்றவுடன் இரண்டு மூன்று நிமிடத்தில் சுத்தமாக மறைந்துபோகாது. உங்களுக்கு மறைகிறது. நெஞ்சை அமுக்குவது, தாடையில் கனம், நடந்தால் வருவது, நின்றால் போவது: இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாய் குறுகியிருந்தால் இப்படித்தான் இருக்கும். ஆஞ்சைனா என்போம். சோதிக்காமல் அதுதான் என்று நான் முத்திரை குத்த மாட்டேன். ஆனால் இல்லை என்று சோதனைதான் சொல்ல வேண்டும், ஈனோ சொல்லக் கூடாது.

ஏப்பம் விட்டதும் சரியாகிறதே என்பீர்கள். ஏப்பம் விடுவதற்காக நின்றீர்கள் அல்லவா? சரியானது நின்றதால். இதய நோயாளிகளில் இப்படி ஏப்பத்துக்கு நன்றி சொல்லிக்கொண்டே மாதக்கணக்கில் நாளைக் கடத்துகிறவர்கள் ஏராளம்.

தாலி சாப்பிட்டால் மட்டும் ஏன் வந்தது என்பது நியாயமான கேள்விதான். வயிறு நிறையச் சாப்பிட்டபின் குடலுக்குப் போகும் ரத்தம் இரண்டு மடங்குக்கும் மேலாகிறது. அதற்காக இதயம் வேகமாகவும் அதிகமாகவும் வேலை செய்தாக வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் வெதுவெதுப்பான கூடத்திலிருந்து லண்டன் குளிருக்குள் இறங்குகிறீர்கள். குளிரில் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும். போதாக்குறைக்கு நடை, அதுவும் ரயிலைப் பிடிக்கும் நடை, கடைசியில் ஆல்பர்ட்டன் படிக்கட்டு. முன்பு அங்கே ஒரு நகரும் படிக்கட்டு இருந்தது, எப்போதோ மூடிவிட்டார்கள். மூன்று சுமையும் ஒரே நேரத்தில் ஏறும்போது, குறுகிய குழாயால் ஈடுகொடுக்க முடியாது. உங்களுக்கு நடந்திருப்பது அநேகமாக இதுதான்.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை. 1772லேயே வில்லியம் ஹெபர்டன் என்ற லண்டன் மருத்துவர் இந்த நோயை விவரித்து எழுதி, ஆஞ்சைனா பெக்டோரிஸ் என்று பெயரும் வைத்தார். நடக்கும்போது பிடிக்கும், அதிலும் மேடு ஏறும்போதும் சாப்பிட்ட சிறிது நேரத்திலும், நின்ற கணமே விட்டுவிடும் என்பது அவர் எழுதியது. ஈசிஜி இல்லாத காலத்தில் நோயாளி சொன்னதைக் கேட்டே எழுதியவர். உங்கள் கடிதத்தை அவரிடம் காட்டியிருந்தால் பாதியிலேயே பேனாவை எடுத்திருப்பார்.

என்னைப் பயமுறுத்தியது தாலி இல்லை, அந்தக் காப்பி. நிறைந்த வயிறோடு மட்டும் வந்தது இப்போது வெறும் வயிற்றிலும் வருகிறது. குறைந்த வேலைக்கே வரும், அடிக்கடி வரும், அதிக நேரம் நீடிக்கும். ஆஞ்சைனா இப்படி மாறத் தொடங்கினால் அது மாரடைப்பின் பக்கம் நகர்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்த மாதம் லீவு போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்கிற விஷயம் இல்லை. உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, நின்று ஓய்வெடுத்தும் 15 நிமிடத்தில் போகாவிட்டாலோ, வியர்வை, மூச்சுத் திணறல், வாந்தி கூட வந்தாலோ ஜி.பி.யைத் தேடாதீர்கள், அவசர எண் 999ஐ அழையுங்கள். வியர்த்துக் கொட்டினால் 15 நிமிடம் எண்ணிக்கொண்டு இருக்கவும் வேண்டாம். ஆஸ்பிரின் ஒவ்வாமை இல்லையென்றால் ஆம்புலன்ஸ் வருவதற்குள் 300 மில்லிகிராம் ஆஸ்பிரின் மாத்திரை ஒன்றை மென்று விழுங்கலாம். நண்பர் காரில் ஏறிப் போகாதீர்கள். ஆம்புலன்ஸில் இதயத்தை மறுபடி துடிக்கவைக்கும் கருவி இருக்கிறது, நண்பரின் காரில் இல்லை.

ஜி.பி. அநேகமாக ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுத்துவிட்டு, நெஞ்சுவலிக்கென்றே உள்ள விரைவு கிளினிக்குக்கோ நேராக மருத்துவமனைக்கோ அனுப்புவார். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: சும்மா படுத்திருக்கும்போது எடுத்த ஈசிஜி சுத்தமாக இருந்தாலும் ஆஞ்சைனா இல்லை என்று ஆகாது. "ஈசிஜி நார்மல்" என்று வாட்ஸாப்பில் போட்டுவிட்டு மறுபடி தாலிக்குப் போனவர்களை எனக்குத் தெரியும். பிரிட்டனில் இப்போது சி.டி. ஸ்கேனில் இதயக் குழாய்களையே படம் எடுத்துப் பார்ப்பதுதான் பெரும்பாலும் முதல் சோதனை. நெஞ்சடைப்பைத் தணிக்க நாக்கின் அடியில் அடிக்கும் ஸ்பிரே தந்தால் உட்கார்ந்துகொண்டு அடியுங்கள், தலை சுற்றும். வயாகரா வகை மாத்திரை எடுப்பவராக இருந்தால் மருத்துவரிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அதுவும் ஸ்பிரேயும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் கிடுகிடுவென்று விழும்.

"நான் சைவம், எனக்கெப்படி" என்று நீங்கள் எழுதவில்லை. ஆனால் எழுதாமல் கேட்டிருக்கிறீர்கள். கீரையும் பயறும் காயும் சாப்பிடுகிற சைவம் இதயத்துக்கு நல்லதுதான். நெய் தடவிய ரொட்டி எட்டு, ஃபர்சாண் என்ற பொரித்த நொறுக்கு, இனிப்புத் தயிரான ஸ்ரீகண்ட் இரண்டு கிண்ணம், கடைசியில் நெய் ஊற்றிய கிச்சடி என்று போகும் சைவத்துக்கு அந்தப் பெருமை கிடையாது. இந்தியத் துணைக்கண்டத்துக்காரர்களுக்கு பிரிட்டனின் வெள்ளையர்களைவிட இதய நோய் அதிகம், இளவயதிலேயே வருவதும் அதிகம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏற்கெனவே உங்கள் வீட்டில் குடியிருக்கின்றன. சைவம் ஒரு கவசம் என்று நினைப்பதை விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் பட்டியல். பருப்பில் வெல்லம் போடுவது குஜராத்தி வழக்கம். ஒரு கிண்ணப் பருப்பில் இருக்கும் வெல்லம் அதே தட்டில் இருக்கும் பாசுந்தியின் முன்னால் ஒன்றுமே இல்லை. கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலந்துதான் விற்கிறார்கள், அது கலப்படம் இல்லை. கோதுமை ஒவ்வாத குடல் நோய் உள்ளவர்கள் மட்டும் பார்த்து வாங்கட்டும். அஜினமோட்டோவுக்கு உந்தியூ என்ற குஜராத்திக் காய்க் கூட்டில் வேலையே இல்லை, இருந்தாலும் அது உங்கள் நெஞ்சை அடைக்காது. முந்திரி, பனீர் இரண்டிலும் விஷம் இல்லை, கலோரிதான் இருக்கிறது. இளஞ்சிவப்புச் சிறுநீர், தாலியில் பீட்ரூட் கச்சும்பர் (பச்சைக் காய்க் கலவை) இருந்திருந்தால், அநேகமாக அதனால் வந்தது. பீட்ரூட் சாப்பிடாத நாளிலும் அப்படிப் போனால் சோதியுங்கள். இதையெல்லாம் விடிய விடிய படித்த ஆள், "நடந்தால் நெஞ்சடைப்பு" என்று ஒரு தடவைகூடத் தேடவில்லையே! தேடினால் என்ன வரும் என்று தெரிந்துதான் தேடவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

ஈனோவைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் இருப்பது சோடியம் பைகார்பனேட். உப்பைக் குறை என்று சொல்லப்பட்ட ரத்த அழுத்தக்காரர் அப்பளம், ஊறுகாய், உப்புப் போட்ட மோர் எல்லாம் சாப்பிட்டு அதன் மேல் சோடியத்தைக் கரைத்துக் குடிக்கிறார். நன்றாக இருக்கிறது!

கிளிக்லசைட் விஷயத்தில் எனக்குக் கோபமே வருகிறது. விருந்து அன்று ஒரு மாத்திரை கூடுதல் என்பது நம்மவர்களிடம் பரவிய ஒரு மோசமான பழக்கம். மெட்ஃபார்மினைப் போல் இல்லை கிளிக்லசைட். கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியே தள்ளும், சாப்பிட்டது தீர்ந்தபிறகும் விடாது. வயிறு கனமாக இருக்கிறது என்று ராத்திரிச் சாப்பாட்டைத் தவிர்ப்பீர்கள், நடுராத்திரியில் சர்க்கரை தாழும், கை நடுங்கும், வியர்க்கும், இதயம் படபடக்கும். நோயுள்ள இதயத்துக்கு அது கூடுதல் ஆபத்து. அந்த வியர்வையையும் வாயு என்றே எழுதியிருப்பீர்கள். எழுதித் தந்த அளவுக்கு மேல் ஒரு மாத்திரையும் வேண்டாம்.

இந்த ஞாயிறு தாலி வேண்டாம், நீண்ட நடையும் வேண்டாம், கனமான பை தூக்குவதும் வேண்டாம். சோதனை முடிந்து மருத்துவர் சரி என்றபிறகு போகலாம். அந்த ஓட்டல்களில் உபசரிப்பு அப்படி. வாளியோடு வருகிறவர் நீங்கள் வேண்டாம் என்று வாயெடுப்பதற்குள் கிண்ணத்தை நிரப்பிவிடுவார். அதனால் உட்காரும்போதே ஸ்ரீகண்ட் கிண்ணத்தையும் பொரித்த அயிட்டம் வைக்கும் கிண்ணத்தையும் தட்டிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்துவிடுங்கள். கிண்ணம் இல்லாத இடத்தில் ஊற்ற மாட்டார். ரொட்டிக்கு நெய் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லுங்கள், கேட்டால் தடவாமல் தருவார்கள். காய், பருப்பு, இரண்டு ரொட்டி, உப்பில்லாத மோர். சாப்பிட்டு அரைமணி நேரமாவது பேசிக்கொண்டு உட்கார்ந்திருங்கள். நண்பர்களோடு போகிறீர்கள், பேச்சுக்கா பஞ்சம்?

வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். ராத்திரி ஏதாவது என்றால் 999ஐ அழைக்கப்போவது உங்கள் மனைவிதான். ஊரிலிருந்து இனி யாராவது வந்தால் பான்டப்ரசோல் வாங்கிவரச் சொல்லாதீர்கள். தேவைப்பட்டால் உங்கள் ஜி.பி.யே எழுதித் தருவார்.