யூனிசைக்கிளில் டயர் பட்டனை எந்தப் பக்கம் பார்த்து மாட்டுவது?

வாசகர் ஒருவரின் கேள்வி: 24 அங்குல யூனிசைக்கிளுக்கு (ஒற்றைச் சக்கர சைக்கிள்) புதிதாகப் பட்டன் டயர், அதாவது மேற்பரப்பில் ரப்பர் மொட்டுகள் துருத்தி நிற்கும் டயர், வாங்கியிருக்கிறார். டயரின் பக்கவாட்டில் இரண்டு அம்புக்குறிகள், ஒன்று முன் சக்கரத்துக்கு, மற்றது பின் சக்கரத்துக்கு, இரண்டும் எதிரெதிர் திசையில். ஓட்டுவது பெரும்பாலும் ஏற்ற இறக்கமுள்ள மண் பாதையில், நடுநடுவே தார்ச் சாலை. எந்த அம்பைப் பார்த்து மாட்டுவது, தப்பாக மாட்டிவிட்டால் டயரைக் கழற்றாமல் சக்கரத்தையே திருப்பிப் போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பாதைக்கு முன் சக்கர அம்பைப் பின்பற்றுங்கள். சக்கரத்தைத் திருப்பிப் போட வேண்டாம், அது வேறொரு வில்லங்கத்தில் கொண்டுபோய் விடும், கீழே சொல்கிறேன்.

ஒரே டயரில் இரண்டு அம்பு எதற்கு? சைக்கிளில் பின் சக்கரம் வண்டியைத் தள்ளுகிறது, பிரேக் பிடிக்கும்போது பெரும்பகுதி வேலையை முன் சக்கரம் பார்க்கிறது. அதனால் ஒரே டயரை முன்னால் போட்டால் பிரேக்குக்கு ஏற்ற மாதிரியும், பின்னால் போட்டால் இழுவைக்கு ஏற்ற மாதிரியும் திருப்பி மாட்டச் சொல்கிறார்கள். யூனிசைக்கிளில் இந்தப் பிரிவினையே கிடையாது. கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) நேராக ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) உட்கார்ந்திருக்கிறது, மிதிக்காமலே சக்கரத்தைச் சுற்றவிடும் ஃப்ரீவீல் இல்லை, ஏறும்போது மிதிப்பதும் இறங்கும்போது காலால் எதிர்த்து அழுத்தி வேகத்தைக் குறைப்பதும் அதே சக்கரம்தான். ஆக, இரண்டு வேலையில் எதில் வழுக்கினால் உங்களுக்கு அதிகம் அடிபடும் என்று யோசித்துத்தான் பக்கம் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஏற்றத்தில் மிதிக்கும்போது சக்கரம் வழுக்கினால் உடம்பு முன்பக்கமாகச் சாயும். வேகமும் குறைவு. இரண்டு காலையும் தரையில் வைத்து நின்றுவிடலாம், பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. இறக்கத்தில் எதிர்த்து அழுத்தும்போது வழுக்கினால் சக்கரம் உங்களை விட்டுவிட்டு முன்னால் ஓடிவிடும், நீங்கள் பின்னால் விழுவீர்கள். இடுப்பு, முழங்கை, மணிக்கட்டு எல்லாம் வாங்கிக்கட்டிக்கொள்வது இந்த விழுதலில்தான். அதனால் சந்தேகம் வந்தால் பிரேக் பிடிப்புக்குத்தான் என் ஓட்டு. உங்கள் பாதையில் இறக்கம் சாதாரணமாக இருந்து, ஈர மண்ணிலோ சரளையிலோ ஏறும்போதுதான் திரும்பத் திரும்பச் சக்கரம் சுழன்று நின்றுபோகிறது என்றால் மட்டும் பின் சக்கர அம்புக்கு மாறிப் பாருங்கள்.

அம்பே இல்லாத டயர் என்றாலும், இருக்கும் அம்பை நம்பலாமா என்று தோன்றினாலும் பட்டனைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். வண்டியை நிமிர்த்தி வைத்து, சக்கரத்துக்கு நேர் முன்னால் குந்தி உட்காருங்கள். ஹப் உயரத்தில், உங்களைப் பார்த்து நிற்கிற ஒரு நடுப்பட்டனை விரலால் தடவுங்கள். வண்டி முன்னே போகும்போது அந்தப் பட்டனின் கீழ் விளிம்புதான் முதலில் தரையைத் தொடும். தரையைத் தொட்டதும் அந்த விளிம்பு பின்பக்கம் பார்த்து நிற்கும், மிதிக்கும்போது மண்ணைப் பின்னால் தள்ளுவது அதுதான். மேல் விளிம்பு தரைக்கு வரும்போது முன்பக்கம் பார்த்திருக்கும், வேகத்தைக் குறைக்கும்போது மண்ணில் கொத்தி நிற்பது அது. நிறைய டயர்களில் ஒரு விளிம்பைச் சரிவாக வெட்டியிருப்பார்கள், எதிர் விளிம்பு செங்குத்தாக, கூராக இருக்கும். சரிவு கீழே, செங்குத்து மேலே என்று கைக்குத் தட்டுப்பட்டால் டயர் லேசாக உருளும், பிரேக்குக்கு நன்றாகப் பிடிக்கும். தலைகீழாக இருந்தால் ஏற்றத்தில் இழுவை கூடும், தார்ச் சாலையில் கொஞ்சம் கனமாக உருளும். இரண்டு விளிம்பும் ஒரே மாதிரி இருக்கிறதா? அப்புறம் எந்தப் பக்கம் மாட்டினாலும் ஒன்றுதான், விட்டுவிடுங்கள்.

தார்ச் சாலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சமமான தரையில் பிடிப்பு தருவது ரப்பர், பட்டனின் திசை அல்ல. மழையில் தண்ணீரை வெளியேற்றத் திசை முக்கியம் என்று சிலர் சொல்வார்கள், அது கார் டயரின் கதை. விமான டயர்களை வைத்து நாசா கண்ட கணக்குப்படி பார்த்தால், 36 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் தண்ணீர் மேல் மிதக்கத் தொடங்க மணிக்கு ஏறக்குறைய 100 கி.மீ. வேகம் வேண்டும். 24 அங்குலச் சக்கரத்தை நிமிடத்துக்கு 100 சுற்று மிதித்தாலும் நீங்கள் போவது மணிக்கு 11 கி.மீ. சொச்சம்தான்.

சரி, சக்கரத்தைத் திருப்பிப் போடும் விஷயம். பார்க்கச் சுலபமாகத் தெரியும், சக்கரத்தை ஃபிரேமோடு பிடித்திருக்கும் பேரிங் பிடியின் போல்ட்களைக் கழற்றி, சக்கரத்தை இடம் வலம் மாற்றி உட்கார வைத்தால் டயரின் திசை மாறிவிடும். ஆனால் கூடவே இடது கிராங்க் வலப்பக்கம் போய்விடும். இடது பெடலுக்கு இடது மரை (வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இறுகுவது), வலது பெடலுக்கு வலது மரை (வழக்கமானது). சரியான பக்கத்தில் இருந்தால் மிதிக்க மிதிக்கப் பெடல் இறுகும், பக்கம் மாறினால் மிதிக்க மிதிக்கக் கழன்றுகொண்டே வரும். அலுமினிய கிராங்க்கில் மரை அழிந்துவிட்டால் பெரும்பாலும் கிராங்க்கையே மாற்ற வேண்டியதுதான். கிராங்க் இரண்டையும் கழற்றிப் பக்கம் மாற்றிப் போடலாம், அதற்குக் கிராங்க் புல்லர் என்ற கழற்றும் கருவி வேண்டும், சதுர அச்சு ஹப்பாக இருந்தால் அடிக்கடி கழற்றி மாட்டுவது நல்லதும் அல்ல, ஹப்பில் டிஸ்க் பிரேக் இருந்தால் அந்த வழியே அடைபட்டுவிடும். காற்றை இறக்கி, டயர் லீவரால் நெம்பி எடுத்து, டயரைத் திருப்பி மாட்டுவது இதைவிட எவ்வளவோ சின்ன வேலை.

இதனால்தான் டயரைத் தொடுவதற்கு முன்பே பெடல் அச்சின் முனையில் இருக்கும் எல், ஆர் எழுத்துகளைப் பாருங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். சீட்டில் நீங்கள் முன்னோக்கி உட்கார்ந்திருக்கும்போது எல் இடது காலுக்கு வர வேண்டும். பஞ்சர் பார்த்துவிட்டுச் சக்கரத்தை மாற்றி மாட்டியதால்தான் பல வண்டிகளில் அம்பு பின்னோக்கி நிற்கிறது, டயரில் ஒரு குறையும் இருக்காது. அப்படியானால் சக்கரத்தைச் சரியாக மாட்டினாலே அம்பும் சரியாகிவிடும்.

டயரைக் கழற்றத்தான் போகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் கவனியுங்கள், நீங்கள் கேட்காவிட்டாலும் இது திசையைவிட அதிகப் பயன் தரும். யூனிசைக்கிளில் பெடலும் டயரும் ஒன்றாகவே சுற்றுவதால், ஏறி உட்காருவது, நின்ற இடத்தில் முன்பின் ஆட்டுவது, இடுப்பைத் திருகித் திரும்புவது எல்லாம் ஒவ்வொரு முறையும் டயரின் அதே இடங்களில்தான் நடக்கிறது. அந்த இடங்களில் மட்டும் பட்டன் மொட்டையாகி, மீதி டயர் புதிது போலவே இருக்கும். கிராங்க்கைப் படுக்கை வசமாக நிறுத்தி, தரையைத் தொடும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள், பிறகு அரைச் சுற்று உருட்டி அங்கும் ஒன்று. கோட்டருகே தேய்மானம் கூடுதலாகத் தெரிந்தால், மாட்டும்போது டயரை ரிம்மில் கால் சுற்று நகர்த்தி உட்கார வையுங்கள். பட்டனின் உயரம் எங்கே அதிகம் மிச்சமிருக்கிறதோ அது இப்போது திருகல் விழும் இடத்துக்கு வந்துவிடும். உங்களுடையது புது டயர் என்பதால் இப்போது தேவைப்படாது, சில மாதம் ஓட்டிய பிறகு இதே சாக்பீஸ் சோதனையைச் செய்து பாருங்கள்.