பல் முளைக்கிற பேதியா, ரோட்டா வைரஸா?

கேள்வி: மகள் பிள்ளைக்கு ஒன்பது மாதம். ரோட்டா சொட்டு மருந்து மூன்று தவணையும் கொடுத்தாகிவிட்டது. கொதித்து ஆறிய தண்ணீர்தான் தருகிறோம். ஆனாலும் இரண்டு நாளாக வாந்தி, தண்ணீராகப் பேதி. டாக்டர் இது ரோட்டா வைரஸ் என்கிறார், ஆன்டிபயாட்டிக் எழுதவில்லை. அப்பத்தாவோ, "பல் முளைக்கிற பேதி, பாலை நிறுத்திக் குளுக்கோஸ் தண்ணி கொடு" என்கிறார். எதைக் கேட்பது?
– வாசகி, தேவகோட்டை

பதில்: டாக்டரை. வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது, பேதியைத்தான் கூட்டும். பல்லும் காரணமில்லை. பல் முளைக்கிற வயதில் பிள்ளை தவழ்ந்து, கிடைத்ததை வாயில் வைக்கிறது. வீட்டு வளவில் ஆத்தங்குடிக் கல் தரை பளபளத்தாலும் ரோட்டா அதில் நாள்கணக்கில் கிடக்கும். சொட்டு மருந்து போட்டும் நோய் வரலாம். ஆனால் கடுமையாகி ட்ரிப்ஸ் வரை போகும் வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

குளுக்கோஸ் தண்ணீர் வேண்டவே வேண்டாம். சிறுகுடலில் சத்தையும் நீரையும் உறிஞ்சும் செல்களை ரோட்டா அழிக்கிறது. மிஞ்சிய செல்கள், உப்பும் சர்க்கரையும் அளவாகச் சேர்ந்து வந்தால் இழுத்துக்கொள்ளும். தண்ணீர் பின்னாலேயே போகும். ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு-சர்க்கரைக் கரைசல் வேலை செய்வது இப்படித்தான். வெறும் சர்க்கரை அதிகமானால், அது உடம்பின் நீரைக் குடலுக்குள் இழுத்துவிடும்.

அதிகம் நடக்கும் தவறு ஒன்று: 20.5 கிராம் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி டம்ளரில் கலக்குவது. உப்பு மிஞ்சினால் குழந்தைக்கு ஆபத்து. முழு பாக்கெட்டையும் ஒரு லிட்டர் ஆறிய நீரில் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மி.லி., ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, இன்னும் மெதுவாக. தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. குழைந்த பருப்புச் சாதமும் கொடுக்கலாம். துத்தநாக மாத்திரை தினம் 20 மி.கி., பேதி நின்றாலும் 14 நாள்.

ஜாதிக்காய் உரைத்துக் கொடுக்காதீர்கள். தூக்கம் வரவைத்து, குழந்தை துவண்டு போவதை மறைத்துவிடும். கண் குழிவிழுதல், ஆறு மணி நேரம் சிறுநீர் இல்லாமை, குடிக்க மறுப்பது, மலத்தில் ரத்தம்: இதில் எது வந்தாலும் அப்போதே ஆஸ்பத்திரி.

கேள்வி: பேரனுக்கு ஐந்து மாதம். ரோட்டா சொட்டு மருந்தின் 6, 10, 14 வாரத் தவணை எதுவும் கொடுக்கவில்லை. இனி கொடுக்கலாமா?
– வாசகர், கானாடுகாத்தான்

பதில்: கொடுக்கலாம். முதல் தவணையை ஒரு வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும். அடுத்தவை நான்கு வார இடைவெளியில். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.